46 சுற்று: ஒரே கட்டுரையை ஐந்து முறை பிரித்துக் கட்டிய பதிவு

பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு, இரண்டாம் பருவம். பொதுத்தமிழ்த் தாளுக்கு அகமதிப்பீடு 25 மதிப்பெண். அதில் ஒரு பங்கு அசைன்மென்ட்டுக்கு. வழக்கமாக ஏ4 தாளில் ஸ்கெட்ச் பேனாவால் ஓரக்கோடு போட்டு, கைடைப் பார்த்து எழுதி, முதல் பக்கத்தில் பூ வரைந்து கொடுத்துவிடுவோம். அந்தப் பருவம் வந்த தமிழம்மா முதல் வகுப்பிலேயே அதை நிறுத்தினார்.

"மூணு அசைன்மென்ட் வேண்டாம். ஒரே கட்டுரை. பருவம் முடியற வரைக்கும் அதையே திருப்பித் திருப்பி எழுதுங்க. பழைய பிரதி எதையும் கிழிச்சுப் போடக்கூடாது. எல்லாத்தையும் சேர்த்துத் தைச்சுக் கடைசியில கொடுங்க."

தலைப்பு எங்கள் விருப்பம். நிபந்தனை ஒன்றுதான்: கண்ணால் பார்த்த ஒரு வேலையைப் பற்றி எழுத வேண்டும். எங்கள் அப்பா உடுமலைப் பக்கம் மோட்டாருக்குக் காயில் (செம்புக் கம்பியைச் சுற்றிய சுருள்) கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். நான் தவழ்ந்ததே அந்தப் பட்டறைத் தரையில்தான். எனவே தலைப்புக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எழுதுவதற்கும் யோசிக்க வேண்டியதில்லை என்று நினைத்ததுதான் முதல் பிழை.

நோட்டின் ஓரத்தில் தேதி போட்டுக் குறித்து வைத்திருந்ததைப் பார்த்து இதை எழுதுகிறேன். இதே மாதிரி ஒரு தாள் கையில் இருக்கிற யாருக்காவது உதவும்.

முதல் பிரதி

ஒரே இரவில் முடித்தேன். ஆறு பக்கம். தொடக்கம் இது:

"மனித வாழ்வில் மின்சாரம் இன்றியமையாத ஒன்றாகும். மின்சாரம் இல்லாத உலகை நம்மால் கற்பனை செய்துகூடப் பார்க்க இயலாது. அத்தகைய மின்சாரத்தால் இயங்கும் கருவிகளுள் மின்மோட்டாரானது முதன்மையானதாகத் திகழ்கிறது."

இரண்டாம் பக்கம் முழுக்கக் கோயம்புத்தூர் மோட்டார்த் தொழிலின் வரலாறு. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்தது, பிறகு பம்புசெட் பட்டறைகள் பெருகியது எல்லாம் அதில் இருந்தன. அப்பா மூன்றாம் பக்கத்தின் அடியில்தான் வந்தார். வந்தவுடன் "கடின உழைப்பின் மறுவடிவம்" ஆகிவிட்டார். அவர் என்ன வேலை செய்கிறார் என்பதற்கு நான்கு வரி. கடைசியில் "ஆகவே நாம் அனைவரும் உழைப்பாளர்களைப் போற்றுவோமாக."

தமிழம்மா மதிப்பெண் போடவில்லை. சிவப்பு மையால் திருத்தவும் இல்லை. தாளின் பின்பக்கத்தில் நன்னூல் பாயிரத்திலிருந்து ஒரு நூற்பாவை மட்டும் எழுதியிருந்தார்.

"குன்றக் கூறல் மிகைபடக் கூறல்
கூறியது கூறல் மாறுகொளக் கூறல்
வழூஉச்சொற் புணர்த்தல் மயங்க வைத்தல்
வெற்றெனத் தொடுத்தல் மற்றொன்று விரித்தல்
சென்றுதேய்ந் திறுதல் நின்றுபயன் இன்மை
என்றிவை ஈரைங் குற்றம் நூற்கே"

கீழே ஒரு வரி: "இதில் எவையெவை உன் கட்டுரையில் இருக்கின்றன என்று நீயே கண்டுபிடித்து வா."

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதியது. ஒரு நூலுக்கு வரக்கூடாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறது. அதுவரை இப்படிப்பட்ட பட்டியல்களைத் தேர்வுக்கு ஒப்பித்ததோடு சரி. அன்று பேருந்தில் வீட்டுக்கு வரும்போதுதான் இது ஒரு பழுதுப் பட்டியல் என்று உறைத்தது.

இதைச் சற்று விளக்க வேண்டும். எரிந்த த்ரீ ஃபேஸ் மோட்டார் (மூன்று லைனில் கரண்ட் வாங்கி ஓடுவது) பட்டறைக்கு வந்தால் அப்பா உடனே காயிலைப் பிரிக்க மாட்டார். மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, எரிந்திருக்கும் விதத்தைப் பார்ப்பார். ஸ்டார் கனெக்‌ஷன் மோட்டாரில் (மூன்று ஃபேஸ் காயிலின் முனைகளையும் ஒரே இடத்தில் சேர்த்துக் கட்டியது) இரண்டு ஃபேஸின் காயில்கள் கருகி, மூன்றாவது மட்டும் புதுசு போலச் செம்பு நிறத்தில் இருந்தால், லைனில் ஒரு ஃபேஸ் போனது தெரியாமல் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். எல்லாக் காயிலும் ஒரே மாதிரி கருகியிருந்தால் ஓவர்லோடு, லோ வோல்டேஜ், அல்லது பம்பு இறுகிப் போயிருக்கும். ஓரிடத்தில் மட்டும் கருகி மற்றதெல்லாம் நன்றாக இருந்தால் அந்த இடத்தில் கம்பிக்குக் கம்பி ஷார்ட், இல்லாவிட்டால் தண்ணீர் இறங்கியிருக்கும். காரணம் தெரியாமல் காயில் கட்டிக் கொடுத்தால் பத்தே நாளில் அதே மோட்டார் அதே மாதிரி எரிந்து திரும்பி வரும்.

என் கட்டுரையையும் அப்படி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நூற்பாவை ஓர் அட்டையில் பெரிதாக எழுதி மேசைக்கு மேல் ஒட்டினேன்.

இரண்டாம் பிரதி: பிரித்தெடுத்தது

முதலில் தெரிந்தவை மற்றொன்று விரித்தலும் (சொல்ல வந்ததை விட்டு வேறொன்றை விரிப்பது) வெற்றெனத் தொடுத்தலும் (பொருளில்லாத வெறும் சொல்லை அடுக்குவது). ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி வைத்துக்கொண்டேன்: இதை என் பக்கத்துப் பெஞ்சுக்காரியும் எழுதியிருக்க முடியுமா? முடியும் என்றால் பென்சில் கோடு. "இன்றியமையாத ஒன்றாகும்" போயிற்று. "திகழ்கிறது" எல்லாம் போயிற்று. "உழைப்பு" என்ற சொல் பதினொரு இடத்தில் இருந்தது; அது கூறியது கூறல்.

1937 பத்தியை எடுக்க மட்டும் மனம் வரவில்லை. அதற்காக நூலகத்தில் ஒரு மதியம் உட்கார்ந்திருந்தேன். அம்மாவிடம் கேட்டேன். "அது தப்புன்னு யாரும்மா சொன்னா? ஆனா அந்தப் பத்தி படிக்கும்போது உங்கப்பா எங்க உக்காந்திருக்காரு?" என்றார். பதில் இல்லை. எடுத்துவிட்டேன்.

ஆறு பக்கம் இரண்டரை ஆனது. புதிய தொடக்கம்: "எரிந்த மோட்டார் பட்டறைக்கு வருவதற்கு முன்பே அதன் வாசனை வந்துவிடும்." எனக்கு மிகவும் பிடித்த வரி. தோழிகள் இரண்டு பேர் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைக்கிற அளவுக்கு அவர்களுக்கும் பிடித்தது. அம்மா படித்துவிட்டு, "உண்மையாவே வருமா?" என்று கேட்டார்.

வராது. மோட்டார் டிவிஎஸ் வண்டியில் சாக்கு போட்டுக் கட்டி வரும். மூடியைக் கழற்றினால்தான் வார்னிஷ் கருகிய வாடை அடிக்கும். அதை அப்படியே எழுதினேன்: "மூடியைக் கழற்றியதும் வார்னிஷ் கருகிய வாடை அடித்தது." மினுக்கம் குறைந்துவிட்டது என்று அன்று வருத்தமாக இருந்தது. இன்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டாவது வரியில்தான் என்னால் மூக்கைச் சுளிக்க முடிகிறது.

மூன்றாம் பிரதி: கம்பி கட்டு, கம்பிக்கட்டு

இந்தப் பிரதிக்கு நான்கு வாரம் ஆனது. மொழி வேலை முழுக்க இதில்தான்.

வழூஉச்சொற் புணர்த்தலில், அதாவது பிழையான சொல்லைச் சேர்ப்பதில் இருந்து தொடங்கினேன். இரண்டரைப் பக்கத்தில் 43 ஒற்றுப் பிழை. பள்ளியில் ஒற்று என்றால் எனக்குக் கண்ணில் மணல் விழுந்த மாதிரி. சந்தி விதிகளை மனப்பாடம் செய்வேன், எழுதும்போது காதுக்குத் தோன்றியபடி போடுவேன். அம்மா விதியை விட்டுவிட்டு என் கட்டுரையில் இருந்தே ஒரு சொல்லை எடுத்தார். "அப்பா கம்பி கட்டு எடுத்து வரச் சொன்னார்" என்று எழுதியிருந்தேன்.

"கம்பி கட்டுன்னா என்ன?"

"கம்பிச் சுருளுங்கம்மா. கட்டா வருமில்லீங்களா, அது."

"அப்ப ஒற்றுப் போடணும். கம்பிக்கட்டு. போடாம விட்டா கம்பியைக் கட்டுன்னு ஆயிரும். உங்கப்பா எடுத்துட்டு வரச் சொன்னாரா, கட்டச் சொன்னாரா?"

கம்பியைக் கட்டு என்பதில் 'ஐ' மறைந்து 'கம்பி கட்டு' ஆகும்போது ஒற்று மிகாது. கம்பியின் கட்டு என்றால் மிகும். பட்டறையில் இந்த இரண்டையும் நாங்கள் தினமும் சொல்கிறோம். காது தானாகப் பிரித்துக்கொள்கிறது. ஒரு 'க்' அந்த வேலையைத் தாளில் செய்கிறது என்று புரிந்த அன்று, 43 பிழையையும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லித் திருத்தினேன். 'காயிலை கட்டினார்' என்று எழுதினால் இப்போது எனக்கே நாக்கு இடறுகிறது.

அடுத்தது மயங்க வைத்தல். என் வரி:

"தோட்டத்துக்காரர் மோட்டாரை இறக்கி வைத்து, அப்பா அதைக் கழற்றிப் பார்த்து, அவர் கவனிக்காமல் ஓட்டியதால் எரிந்துவிட்டது என்று சொல்லி, அவருக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது."

யார் ஓட்டினார், யாருக்கு வருத்தம்? 'வைத்து', 'பார்த்து', 'சொல்லி' போன்ற எச்சங்கள் எந்த எழுவாய்க்கு உரியனவோ, அந்த எழுவாயின் வினையைக் கொண்டே முடிய வேண்டும். என் வரியில் ஒருவர் இறக்கி வைக்கிறார், இன்னொருவர் பார்க்கிறார், கடைசியில் வருத்தம் யாருக்கோ. பேச்சில் கையைக் காட்டியும் முகத்தைக் காட்டியும் சமாளித்துவிடுகிறோம். தாளில் கையும் இல்லை, முகமும் இல்லை. பிரித்துக் கட்டியது:

"தோட்டத்துக்காரர் மோட்டாரை இறக்கி வைத்தார். அப்பா மூடியைக் கழற்றி டார்ச் அடித்தார். 'ஒரு ஃபேஸ் போனது தெரியாம ஓடியிருக்குதுங்க' என்றார். தோட்டத்துக்காரர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்."

வருத்தம் என்ற சொல் போய்விட்டது. அந்தத் துண்டு எனக்கு நன்றாக நினைவிருந்தும் முதல் இரண்டு பிரதியில் அது வரவே இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

இன்னொரு நோய் எங்கள் துறைக்கே உரியது. ஆய்வக ரெக்கார்டு எழுதி எழுதி, எதுவும் யாராலும் செய்யப்படாமல் தானாக நடக்கிற மாதிரி எழுதப் பழகியிருந்தேன். "காயிலானது பிரிக்கப்பட்டு, ஸ்லாட்டானது சுத்தம் செய்யப்படுகிறது." ரெக்கார்டில் அது சரி. அங்கே யார் அளந்தாலும் ஒரே விடை வர வேண்டும். இங்கே செய்கிறவர் அப்பா. "அப்பா காயிலின் ஒரு பக்கத் தலையை உளி வைத்து வெட்டினார். மறுபக்கம் குறடு போட்டு இழுத்தார். கம்பி காடியை விட்டு வரும்போது கருகிய பேப்பர் தூளாக உதிர்ந்தது." 'ஆனது', 'படு' இரண்டையும் அந்தப் பிரதியில் தேடித் தேடி எடுத்தேன்.

பிறகு வந்தது சொல் தகராறு. காயிலா, கம்பிச்சுருளா? நான் தமிழ்வழியில் படித்தவள். பள்ளி இயற்பியல் புத்தகத்தில் கம்பிச்சுருள்தான். தமிழ்த் தாளுக்கு எழுதுகிறோம் என்பதால் எல்லாவற்றையும் மாற்றினேன். ஸ்டேட்டர் 'நிலையகம்' ஆனது, ரோட்டார் 'சுழலகம்' ஆனது. வீட்டில் அப்பாவிடம் ஒரு பத்தி படித்துக் காட்டினேன். நடுவில், "இது எந்த மெஷினு கண்ணு?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். தான் முப்பது வருடமாகச் செய்கிற வேலையை அவரால் அடையாளம் காண முடியவில்லை.

இதை அம்மாவிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். தமிழ்த்துறையில் போய் 'காயில்' என்று எழுதட்டுமா என்று கேட்க பயம். அவர் பத்துக் குற்றத்துக்கு அடுத்துள்ள பத்து அழகை எடுத்தார். அதில் 'உலகம் மலையாமை' என்று ஒன்று. உயர்ந்தோர் வழக்கத்தோடு மாறுபடாமல் எழுதுவது என்று உரை சொல்வார்கள். "காயில் விஷயத்துல காயில் கட்டறவரை விட உயர்ந்தோர் யாரும்மா?" என்றார்.

அன்றிலிருந்து நான் வைத்துக்கொண்ட வழி இது. பட்டறைக்குள் நடப்பது பட்டறைச் சொல்லில். எனக்கு நல்ல தமிழ்ச்சொல் அங்கேயே கிடைத்தால், அதுவே. ஸ்லாட்டைக் காடி என்றால் அப்பாவுக்கும் புரிகிறது, படிப்பவருக்கும் புரிகிறது. ஸ்லாட்டில் கம்பி வெளியே வராமல் சொருகும் மூங்கில் துண்டுக்கு ஆப்பு என்றுதான் நாங்களே சொல்கிறோம். இயற்பியல் விளக்கம் வருகிற ஒரே பத்தியில் மட்டும் 'கம்பிச்சுருள்'. விவரிப்பு எழுத்துத் தமிழில். யாராவது பேசினால் எங்கள் ஊர்ப் பேச்சில்.

குன்றக் கூறலை, அதாவது வேண்டியதைச் சொல்லாமல் விடுவதைக் கண்டுபிடித்தது ஒரு பி.காம். தோழி. பேருந்தில் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். "பேப்பர் போட்டு"ங்கிற இடத்தில் நிறுத்தி, "எந்தப் பேப்பர்? நோட்டுப் பேப்பரா?" என்று கேட்டாள். எனக்கு அது கேள்வியாகவே தோன்றியிருக்காது. நன்றாகத் தெரிந்த வேலையில்தான் நாம் அதிகம் விட்டுவிடுகிறோம். அவளுக்காக எழுதிச் சேர்த்தது:

"ஸ்டேட்டர் என்பது உள்பக்கம் பல் பல்லாகக் காடி வெட்டிய இரும்பு உருளை. இந்த மோட்டாரில் 24 காடி. கம்பி இரும்பில் உரசி ஷார்ட் ஆகாமல் இருக்க, ஒவ்வொரு காடிக்கும் லெதராய்டு பேப்பரை அளந்து வெட்டி, மடித்துச் சொருக வேண்டும். காய்ந்த பனையோலை மாதிரி விறைப்பாக இருக்கும். 24 துண்டு வெட்டுவது என் வேலை."

கடைசி வரியை எழுதியபோதுதான் கட்டுரைக்குள் நான் முதல்முறையாக வந்தேன்.

நான்காம் பிரதி

மூன்றாம் பிரதியைத் திருப்பிக் கொடுக்கும்போது அம்மா இரண்டு இடத்தில் மட்டும் வட்டம் போட்டிருந்தார். முதல் பக்கத்தில் "என் தந்தை ஒருபோதும் தவறு செய்ததில்லை." மூன்றாம் பக்கத்தில் "அந்த மோட்டாருக்கு அப்பா இரண்டு முறை காயில் கட்டினார்." பக்கத்தில் 'மாறுகொளக் கூறல்?' என்று பென்சிலில். பிறகு இன்னொரு கேள்வி: "சுற்று எண்ணுவது யார்?"

நான்கு நாள் அதைத் தொடவில்லை.

நடந்தது இது. நான் ஒன்பதாம் வகுப்பு. 3 எச்.பி. மோட்டார், ஸ்டார் கனெக்‌ஷன், 12 காயில். பழைய காயிலை வெட்டி எடுத்ததும், அதில் ஒன்றைப் பிரித்து எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். புதுக் காயிலுக்கு அதே எண்ணிக்கை, அதே கேஜ் (தடிமன்) கம்பி. எண்ணுவதை அப்பா எப்போதும் தானே செய்வார். அன்று என்னிடம் கொடுத்தார். கருகிய கம்பி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. ஒவ்வொரு பத்துக்கும் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும். நடுவில் யாரோ வந்து ஏதோ கேட்டார்கள். எழுந்து போய்ப் பதில் சொல்லிவிட்டு வந்தேன். மூன்று கோடு, மேலே ஆறு. "36ங்ப்பா" என்றேன்.

அப்பா 36 சுற்றில் 12 காயில் சுற்றினார். காடியில் இறக்கினார். ஆப்பு சொருகும்போது, "என்ன, லூசாப் போகுது" என்று ஒருமுறை சொன்னார். அது என் காதில் விழுந்தது. எனக்கு எதுவும் தோன்றவில்லை. கனெக்‌ஷன் கொடுத்து, மூடி பூட்டி, லைன் போட்டதும் மோட்டார் ஓடியது. ஆனால் உறுமல் வேறாக இருந்தது. அப்பா மின்னோட்டத்தை அளக்கும் டங் டெஸ்டரை வயரில் மாட்டினார். பம்பு மாட்டாமல் வெறுமனே ஓடும்போது 2 ஆம்பியர் பக்கம் காட்ட வேண்டியது, 5ஐத் தாண்டி நின்றது. உடனே மெயினை இறக்கினார்.

(இயற்பியல் பத்தி இங்கேதான் வருகிறது. சுற்று குறைந்தால், அதே வோல்டேஜுக்கு ஒவ்வொரு சுற்றும் அதிக வோல்டேஜைச் சுமக்க வேண்டும். காந்தப் பாயம் ஏறுகிறது, இரும்பு தெவிட்டுகிறது (அதற்கு மேல் காந்தம் ஏற மறுக்கிறது), கம்பிச்சுருள் தேவைக்கு மேல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகிறது. அதை விளங்கிக்கொள்ள எனக்குக் கல்லூரி வரை ஆயிற்று. அப்பாவுக்கு உறுமலே போதுமாக இருந்தது.)

பழைய காயிலில் ஒன்றை, மோட்டார் பட்டறையை விட்டுப் போகும்வரை அப்பா எறிய மாட்டார். சாக்கில் இருந்து அதை எடுத்து, என் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு கம்பியாக எண்ணினார். 46. ஒரு கோடு விட்டுப்போயிருந்தது.

என்னைத் திட்டவில்லை. உளியை எடுத்தார். புதுக் கம்பி முழுவதையும் வெட்டிப் பழைய செம்புச் சாக்கில் போட்டார். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். ராத்திரி இரண்டு மணிவரை மறுபடி 12 காயில். 24 துண்டு பேப்பர் நான் மறுபடி வெட்டினேன். காலையில் தோட்டத்துக்காரர் வந்து, நேற்றே கிடைக்கும் என்றீர்களே, தென்னம்பிள்ளை வாடுகிறது என்று சத்தம் போட்டார். அப்பா சொன்னார்: "எம்பேர்லதானுங்க தப்பு. எண்ணிக்கைய விட்டுட்டனுங்க."

நான் லெதராய்டு பேப்பர் வெட்டும் பலகைக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

இதுதான் எனக்குத் தெரிந்து அந்தப் பட்டறையில் நடந்த மிகப் பெரிய விஷயம். ஆறு பக்கம் எழுதினேன், இரண்டரைப் பக்கமாக வெட்டினேன், 43 ஒற்றுத் திருத்தினேன். இதை மட்டும் எழுதவில்லை. "ஒருபோதும் தவறு செய்ததில்லை" என்ற வரி அப்பாவைப் புகழ்வதற்காக வந்தது என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் அது என்னை மறைக்க வந்த வரி. மிகைபடக் கூறலுக்குக் கீழே குன்றக் கூறல் உட்கார்ந்திருந்தது. ஒன்றை எடுத்ததும் இன்னொன்று தெரிந்தது.

ஐந்தாம் நாள் ராத்திரி எழுதினேன். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. முதல் பிரதியைவிட வேகமாக வந்தது. அதில் திருத்தவும் அதிகம் இருக்கவில்லை. ஒரே இடத்தில் மட்டும் தடுமாறினேன்: அப்பா தோட்டத்துக்காரரிடம் சொன்னதற்குப் பிறகு "அப்போது என் கண்கள் குளமாயின" என்று எழுதியிருந்தேன். அன்று நான் அழவில்லை. பயந்து போய்ப் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகையை எடுத்துவிட்டுப் பலகையை வைத்தேன்.

வகுப்பில் படிக்கச் சொன்னார் அம்மா. 46ஐ எட்டியபோது கடைசிப் பெஞ்சில் ஒருவன், "அய்யோ" என்றான். அவனுக்கு மோட்டார் பற்றி எதுவும் தெரியாது.

ஐந்தாம் பிரதி

மிச்சம் இருந்தது முடிவு. சென்றுதேய்ந்திறுதல்: நன்றாகத் தொடங்கிப் போகப் போகத் தேய்ந்து முடிவது. நான்காம் பிரதியிலும் "உழைப்பாளர்களைப் போற்றுவோம்" ஒட்டிக்கொண்டே இருந்தது. வெட்டினால் கட்டுரை திடீரென்று நின்றுவிடுமோ என்று பயம். கட்டுரை என்றால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று ஆறாம் வகுப்பிலிருந்து கை பழகிவிட்டது. அம்மாவும் இதில் எதையும் சொல்லவில்லை. "உன் கட்டுரை, நீ பாரு" என்று விட்டுவிட்டார். ஒரு வாரம் வைத்து வைத்துப் பார்த்து, கடைசி இரண்டு பத்தியையும் எடுத்து, பலகை வரியோடு நிறுத்தினேன்.

சேர்த்துத் தைப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் படித்துக் காட்டப் போனேன். மூன்றாம் பிரதிக்குப் பிறகு அவரிடம் எதையும் காட்டியிருக்கவில்லை. பட்டறையில் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். வலது கை கைப்பிடியைச் சுழற்ற, இடது விரல்களுக்கு நடுவே கம்பி ஓடிக்கொண்டிருந்தது. "படி, கேக்கறேன்" என்றார். இரண்டு வரி படித்ததும் கையை நிறுத்தினார். பலகையில் சாக்பீஸால் 31 என்று எழுதிவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். காயில் சுற்றும்போது அவர் நடுவில் நிறுத்தி நான் பார்த்ததில்லை.

முழுவதும் படித்தேன். தோட்டத்துக்காரர் வந்த இடத்தில் குரல் சற்றே உள்வாங்கிவிட்டது. சமாளித்து முடித்தேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "ராத்திரி மழை பேஞ்சுதுன்னு எழுதியிருக்கியே கண்ணு" என்றார்.

"ஆமாங்ப்பா."

"மழை எங்க பேஞ்சுது? மழை பேஞ்சிருந்தா அந்தாளு ஏன் தென்னம்பிள்ள வாடுதுன்னு காலைல வந்து நிக்கறான்?"

ராத்திரி இரண்டு மணிக்கு வெளியே மழைச் சத்தம் கேட்டால் நன்றாக இருக்கும் என்று நான்காம் பிரதியில் நானாகச் சேர்த்தது. அம்மா பார்க்கவில்லை, வகுப்பில் யாரும் பார்க்கவில்லை. அங்கேயே பென்சிலால் அடித்தேன்.

"இன்னொண்ணு. கேஜ் போடாம விட்டுட்ட. சுத்து மட்டும் சொன்னா எப்படிக் கட்டுவாங்க? 19 கேஜுன்னு போடு."

46 சுற்று என்பதற்குப் பக்கத்தில் 19 கேஜ் என்று எழுதினேன். அப்பா எட்டிப் பார்த்துச் சரி என்று தலையசைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்து 32ஆம் சுற்றில் இருந்து தொடர்ந்தார்.